ஐந்து வீடு, இருபது வெண்டைச் செடி: இயற்கை உணவைக் குடியிருப்புக்குள் கொண்டுவர ஒரு வழிகாட்டி

நன்றாகக் காய்க்கும் வெண்டைச் செடி இரண்டு நாளுக்கு ஒரு காய் தரும். மாடியில் நான்கு செடி வைத்திருப்பவருக்குக் காலையில் கிடைப்பது இரண்டு காய். நால்வர் உள்ள வீட்டில் ஒரு வேளைப் பொரியலுக்கு இருபது காயாவது வேண்டும். இருபது சேரும்வரை காத்திருந்தால் முதலில் பறித்தது ஃபிரிட்ஜில் வாடிக் கிடக்கும்; பறிக்காமல் செடியிலேயே விட்டால் முற்றிவிடும். மாடித்தோட்டத்தை ஆர்வமாகத் தொடங்கிய பலர் ஓர் ஆண்டிலேயே பைகளைக் கவிழ்த்துவிடுவதற்குப் பூச்சியைவிட இந்தக் கணக்குதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்குத் தீர்வு இன்னும் நிறையப் பைகள் வாங்குவது என்று கடைக்காரர் சொல்வார். என் யோசனை வேறு. ஐந்து வீடுகள் ஆளுக்கு நான்கு செடி வைத்தால் இருபது செடி. நாளுக்குப் பத்துக் காய். இரண்டு நாள் காய் முழுவதும் ஒரு வீட்டுக்கு, அடுத்த இரண்டு நாள் அடுத்த வீட்டுக்கு. நம் தெருக்களில் சீட்டுப் பிடிப்பது போலத்தான். பத்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முழுப் பொரியல். நம் ஊர் நகரங்களில் வீட்டு விளைச்சலையும் ரசாயனம் படாத உணவையும் அன்றாட வழக்கமாக்க நினைப்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். கீழே உள்ளவை அடுக்குமாடியையும் நெருக்கமான தெருவையும் மனத்தில் வைத்து எழுதியவை. காலக்கணக்கு சென்னையின் மழையை ஒட்டியது.

முதலில் ஆள், பிறகு மண்

குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் இதை எடுக்காதீர்கள். அங்கே வாகன நிறுத்தம் பற்றிய சண்டை முடிந்த பிறகே எதற்கும் நேரம் கிடைக்கும், அதுவும் முடியாது. ஏற்கெனவே துளசியோ கற்பூரவள்ளியோ வைத்துக் காப்பாற்றியிருக்கும் நான்கு வீடுகளைப் பாருங்கள். உங்களோடு ஐந்து. செடி வளர்க்க முடியாத முதியவர்களையும் ஆறு மாதத்தில் வீடு மாறக்கூடிய வாடகைக்காரர்களையும் ஒதுக்கிவிட வேண்டாம். ஊருக்குப் போகிறவர்களின் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, உதிர்ந்த இலையைச் சேர்ப்பது, விதை காயவைப்பது என்று அவர்களுக்கும் பங்கு உண்டு. தினமும் காவலாளிதான் தண்ணீர் ஊற்றப்போகிறார் என்றால் ஆறாவது பங்கு அவருடையது. அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மாடியில் வைக்க அனுமதி கேட்கும்போது எதிர்ப்பு இரண்டு வகையில் வரும்: பாரம், ஒழுகல். இரண்டும் நியாயமான பயங்கள். ஆட்கள் ஏறி நடமாடக்கூடிய தட்டையான மேற்கூரைக்கு இந்தியத் தரக்குறியீடு கணக்கில் கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. ஓர் அடி ஆழத்துக்கு ஈர மண்ணைப் பரப்பினால் சதுர மீட்டருக்கு 500 கிலோ வந்துவிடும். ஆகவே பாத்தி கட்டி மண் கொட்டுகிற எண்ணமே வேண்டாம். 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பை, தென்னை நார்க்கழிவு கலந்த கலவையோடு நனைந்த நிலையில் பதினைந்து இருபது கிலோ இருக்கும். சதுர மீட்டருக்கு நான்கைந்து என்று இடைவெளி விட்டு, கைப்பிடிச் சுவரை ஒட்டியும் தூண்களுக்கு மேலேயும் வைத்தால் கவலை இல்லை. பைகளைத் தரையில் நேரடியாக வைக்காமல் செங்கல் மேலோ இரும்புத் தாங்கியிலோ ஏற்றுங்கள். அடியில் காற்று போனால் தளம் காயும். அடித்தட்டு வைத்தால் அதில் தேங்கும் நீரை அன்றன்றே கொட்டிவிட வேண்டும். மாநகராட்சியின் கொசு ஆய்வாளர் மாடிக்கு வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான், பார்ப்பதும் சரிதான். பழைய கட்டடம் என்றாலோ ஏற்கெனவே ஒழுகுகிறது என்றாலோ பொறியாளரைக் கேட்காமல் எதையும் ஏற்றாதீர்கள்.

பையும் கலவையும்

செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. இதற்கு மேல் சொல்லப்படும் ரகசியக் கலவைகள் எல்லாம் இரண்டாம் ஆண்டுக்கு இருக்கட்டும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழியுங்கள். அதில் உப்பு இருக்கும், அதோடு விதைத்தால் நாற்றின் நுனி கருகும். கலவையை நிரப்பி, ஈரம் காயாமல் ஒரு வாரம் பத்து நாள் விட்ட பிறகு விதையுங்கள். தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளைகளை, அதாவது பையும் விதையும் உரமும் அடங்கிய தொகுப்புகளை, மானிய விலையில் அவ்வப்போது வழங்குகிறது. ஐந்து வீடும் தனித்தனியாகப் பதிவு செய்துகொண்டால் பைச் செலவு குறையும்.

எதை, எப்போது

முதல் பயிர் கீரைதான். சிறுகீரையோ முளைக்கீரையோ மூன்று நான்கு வாரத்தில் பறிப்புக்கு வந்துவிடும். பொறுமையில்லாத பக்கத்து வீட்டுக்காரரையும் அதுவரை பிடித்து வைக்கலாம். விதை பொடி என்பதால் இரண்டு பங்கு மணலோடு கலந்து தூவுங்கள். எறும்பு அள்ளிக்கொண்டு போகாமலிருக்கப் பையைச் சுற்றி ஒரு சிட்டிகை ரவை தூவுவது பழைய உத்தி. எறும்பு ரவையைத் தூக்கிக்கொண்டு விதையை மறந்துவிடும். அரைக்கீரையைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் மாதக்கணக்கில் வரும். புதினா, பொன்னாங்கண்ணி, பசலை மூன்றையும் கடையில் வாங்கிய கட்டிலிருந்தே தண்டு கிள்ளி ஊன்றலாம்.

கீரையோடு கறிவேப்பிலைக் கன்று ஒன்றைத் தரையில் எங்காவது வைத்துவிடுங்கள். இந்தியக் கறிவேப்பிலையில் பூச்சிக்கொல்லி எச்சம் அடிக்கடி தென்பட்டதால் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குக் கூடுதல் சோதனையே விதித்தது. குடியிருப்புக்கு ஒரு மரம் இருந்தால் எல்லா வீட்டுத் தாளிப்புக்கும் போதும். ஆனால் மெல்லத்தான் வளரும், முதல் ஆண்டில் அதன் பக்கம் கையை நீட்டாதீர்கள். முருங்கை வேகமாக வளரும். காற்றில் முறியும், மழைக்குப் பின் கம்பளிப்பூச்சி வரும், அதற்கு அடுத்த நாள் கீழ்வீட்டுக்காரர் வருவார். வாகனம் நிற்காத மூலையாகப் பார்த்து நடுங்கள்.

சீட்டுக்கு ஏற்ற காய்கள் வெண்டை, கொத்தவரை, கத்தரி. எண்ணிக்கை சேர்ந்தால்தான் இவற்றுக்குப் பொருள் உண்டு. மிளகாய் அப்படியில்லை, இரண்டு செடி ஒரு வீட்டுக்கு மிஞ்சும். ஐந்து வீட்டிலும் மிளகாய் வைத்து யாருக்குக் கொடுப்பது என்று திண்டாட வேண்டாம்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது வயலுக்கு மட்டும் சொன்னதன்று. ஆடியில் ஊன்றிய வெண்டை நாற்பத்தைந்து ஐம்பது நாளில் காய்க்கத் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன்பே பெரும்பகுதி விளைச்சலைத் தந்துவிடும். நாட்டு அவரையையும் ஆடியில் ஊன்றுங்கள். அது பகல் குறையும் காலத்தில்தான் பூக்கும், மார்கழிப் பனியில் காய்க்கும். தையில் ஊன்றிவிட்டுக் கொடி மட்டும் படர்கிறதே என்று உரத்தைக் கொட்டிப் பயனில்லை. தக்காளிக்கு இரவு குளிர வேண்டும். மழை தணிந்து கார்த்திகைக் கடைசியிலோ மார்கழியிலோ நாற்று நடலாம். சித்திரை, வைகாசி வெயிலில் பச்சை நிழல்வலை இல்லாமல் எதுவும் தாங்காது. அந்த இரண்டு மாதம் கீரையோடு நிறுத்திக்கொண்டு பைகளுக்கும் உங்களுக்கும் ஓய்வு கொடுத்தாலும் குற்றமில்லை.

உரமும் பூச்சியும்

சமையலறைக் கழிவுக்கு ஓட்டை போட்ட மண்பானையோ பிளாஸ்டிக் டிரம்மோ போதும். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை. நாற்றம் வந்தால் இலை போதவில்லை என்று அறிக. எண்ணெய் சேர்ந்த மிச்ச உணவும் மீன் முள்ளும் எலியைக் கூட்டும், அவை வேண்டாம். இரண்டு மாதத்தில் மக்கும்.

வெண்டையின் இலை நரம்பு மஞ்சளாகிப் பின்னல் போலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். மருந்து தேடாமல் செடியைப் பிடுங்கிவிடுங்கள். பக்கத்து வீட்டுச் செடிக்கும் பரவும் என்பதால் இங்கே தயவு கூடாது. அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் முதல் மருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது. அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலக்கி மாலையில் தெளிக்கலாம்.

பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி என்ற அளவு போதும். அதையும் கீரையின் இலைமேல் தெளிக்காமல் வேரில் ஊற்றுங்கள், பறிப்புக்குப் பத்து நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். சாணமும் கோமியமும் புளித்த கரைசல் அது. பச்சையாகத் தின்னும் புதினா மேல் அடித்துவிட்டுத் துவையல் அரைப்பது இயற்கை வேளாண்மை ஆகாது. புகையிலைக் கரைசலைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். இயற்கையில் கிடைப்பதாலேயே ஒன்று நஞ்சில்லாததாகிவிடாது, நிகோடின் கொடிய விஷம். உண்ணும் செடிக்கு அது வேண்டவே வேண்டாம்.

சீட்டு நடத்தும் முறை

மாடிப்படி அடியில் ஒரு மேசை, பக்கத்தில் ஒரு கரும்பலகை. காலை ஏழு மணிக்குள் அவரவர் பறித்த காய் மேசைக்கு வர வேண்டும், ஏழரைக்கு முறைக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் "ஆர்கானிக்" என்று எழுதுவதைத் தடை செய்யுங்கள். அதற்குப் பதிலாக யார் வீட்டுக் காய், கடைசியாக என்ன தெளித்தது, எந்தத் தேதி என்ற மூன்றை மட்டும் எழுதினால் போதும். "வேப்பெண்ணெய், வெள்ளிக்கிழமை" என்ற வரி எந்த முத்திரையைவிடவும் சாப்பிடுகிறவருக்குப் பயன்படும். யாராவது பொறுமையிழந்து கடை மருந்து அடித்திருந்தாலும் அதையும் எழுதட்டும்; முறைக்காரர் வேண்டாமென்று விடலாம், சண்டை வராது. மறைத்துவைத்து பின்னால் தெரிந்தால் சீட்டு அன்றோடு உடையும்.

காய்க்கு விலை கிடையாது. எடை போடுவதும் கிடையாது. ஒருவர் செடி பட்டுப்போனாலும் அவர் முறை தொடரும், ஆனால் அடுத்த பட்டத்துக்கு அவர் நட்டாக வேண்டும். முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, பப்பாளி போல ஒரேயடியாகக் குவிவன முறைக்குள் வராது. மேசையில் வைத்துவிட்டால் யாரும் எடுக்கலாம், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் உட்பட. மிஞ்சியதை ஊறுகாயாகவோ பொடியாகவோ போட்டு விற்க யாராவது கிளம்பினால், அது உணவுத் தொழில். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த பிறகு நடத்தட்டும். பத்து வீடுகள் சேர்ந்ததும் இரண்டு சீட்டாகப் பிரிந்துவிடுங்கள். வீட்டுக்கு இரண்டு நாள் என்றே போனால் முறை வர இருபது நாள் ஆகும், அந்தச் சீட்டில் யாருக்கும் ஆர்வம் இருக்காது.

விதைப் பெட்டி

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாக்களில் ஒரு வழக்கம் இருந்தது: உழவருக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் இலவசம், அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட நெல் ரகங்கள் அப்படித்தான் மீண்டும் வயலுக்குப் பரவின. உங்கள் பெட்டிக்கும் இதையே விதியாக வையுங்கள். பத்து விதை எடுத்தவர் இருபதாகத் தரட்டும்.

கடையில் வாங்கிய விதையின் மேல் இளஞ்சிவப்போ பச்சையோ நிறம் பூசியிருந்தால் அது பூஞ்சைக்கொல்லி கலந்த விதை. வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் வராது. நாட்டு வெண்டை, அவரை, கொத்தவரை, தக்காளி ஆகியவற்றில் தொடங்குங்கள். நல்ல செடியில் இரண்டாவது மூன்றாவது காயைப் பறிக்காமல் செடியிலேயே நெற்றாக விட்டு எடுக்கலாம். தக்காளிக்குப் பழம் நன்றாகக் கனிந்தால் போதும். பூசணிக் குடும்பத்துக் காய்கள் பக்கத்து ரகத்தோடு எளிதில் கலந்துவிடும், அவை பிறகு. நன்றாக உலர்த்தி, சாம்பலில் புரட்டி, கண்ணாடிப் புட்டியில் பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். விதைக்கும் முன் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து பாருங்கள்; ஏழு முளைத்தால் நல்ல விதை. முளைப்பாரி போடும் ஊரில் வளர்ந்த பாட்டி ஒருவர் குடியிருப்பில் இருந்தால் விதைப் பெட்டியின் சாவியை அவரிடம் கொடுத்துவிடலாம்.

அரிசியும் எண்ணெயும்

மாடியில் எவ்வளவு விளைந்தாலும் தட்டில் பெரும்பகுதி அரிசி, பருப்பு, எண்ணெய்தான். அவை வயலிலிருந்துதான் வர வேண்டும். ஒரு பட்டம் செடி வளர்த்தவருக்கு உழவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்திருக்கும். அதனால் இந்தப் படியை இரண்டாம் ஆண்டுக்கு வைத்திருக்கிறேன்.

1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் உழவரையே நேரில் பார்க்கலாம். ஆனால் அங்கே விற்பதெல்லாம் ரசாயனமில்லாதது என்று பொருளில்லை. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து விதைத்த பேச்சின் பலனாக இயற்கை உழவர்கள் இன்று பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். விதைத் திருவிழாக்களில் அவர்களைச் சந்திக்கலாம். பி.ஜி.எஸ். என்ற பங்கேற்புச் சான்று முறையில் ஐந்து உழவர்களாவது குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் சோதிப்பார்கள். சிறு உழவர் நேரடியாக உங்களுக்கு விற்கும்போது இயற்கை உணவுக்கான 2017ஆம் ஆண்டு விதிகளின்படி சான்றிதழ் கட்டாயமில்லை. அந்த நிலையில் நீங்கள் போய்ப் பார்ப்பதுதான் சான்று. வயலில் நின்று கேளுங்கள்: இலைச்சுருட்டுப் புழு வந்தபோது என்ன செய்தீர்கள்? பக்கத்து வயல் தண்ணீர் இதில் வடிகிறதா? எந்த ஆலையில் அரைக்கிறீர்கள்? "எங்களுக்குப் புழுவே வராது" என்பவரைவிட, "வந்தது, கால் ஏக்கர் போயிற்று" என்பவரை நம்பலாம்.

சம்பா நெல் தையில் அறுவடையாகும். ஆடி ஆவணியிலேயே உங்கள் குழுவுக்கு எத்தனை மூட்டை என்று சொல்லி, பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். நாற்று விடும்போது கிடைக்கும் பணம் அவரை வட்டிக்கடைக்குப் போகாமல் தடுக்கும். இது நடந்தால் விலையில் பேரம் பேச உங்களுக்கு மனம் வராது, பேசவும் கூடாது.

வெள்ளைச் சோற்றுக்குப் பழகிய வீட்டில் முதல் நாளே காட்டுயானம் என்ற தடித்த சிவப்பரிசியை வடித்துவைத்தால் அன்றோடு பாரம்பரிய அரிசி மேல் வெறுப்பு வந்துவிடும். தூயமல்லியிலோ கிச்சிலிச் சம்பாவிலோ தொடங்குங்கள். சாம்பாரோடு சேரும், குழந்தைகளும் முகம் சுளிக்க மாட்டார்கள். மாப்பிள்ளைச் சம்பா கஞ்சிக்கும் இட்லிக்கும் நன்று, இரவே ஊறவைக்க வேண்டும். தீட்டாத அரிசியின் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை வரும். ஓராண்டுக்கு வேண்டியதை நெல்லாக உழவரிடமே இருப்பு வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரைத்து வாங்குங்கள். வண்டு வந்தால் குழுவில் படம் போட்டுக் கலவரம் செய்ய வேண்டாம், மருந்தடிக்காத அரிசியில் வண்டு வரத்தான் செய்யும். நிழலில் உலர்த்திப் புடைத்து, காய்ந்த வேப்பிலையோ வசம்போ போட்டு மூடிவையுங்கள்.

செக்கு எண்ணெய்க்கு ஒரு கணக்கு போதும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டே கால் முதல் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். அந்தப் பருப்பின் விலையைவிடக் குறைவாக எண்ணெய் விற்கிறார் என்றால் அவர் வேறெதையோ விற்கிறார்.

குழுவுக்கு வெளியே இருப்பவரிடம் இந்த அரிசியின் பெருமையைப் பேசப் போகாதீர்கள். இதன் விலை ஒவ்வொருவர் மாதச் செலவுக்கும் ஒத்துவராது. ரேஷன் அரிசியில் குடும்பம் நடத்துகிறவருக்கு மேசையில் வைத்த ஒரு கட்டுக் கீரை போதும், பிரசங்கம் தேவையில்லை.

பொதுப் பந்தி

குடியிருப்பில் பொங்கல், நவராத்திரி, யார் வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் என்று எதுவானாலும் ஒரு விழாவுக்கு ஒரு பண்டத்தை மட்டும் மாற்றுங்கள். நவராத்திரிச் சுண்டலுக்கு உழவரிடம் வாங்கிய தட்டைப்பயறு. தாம்பூலத்தோடு ஒரு பொட்டலம் வெண்டை விதை. பிறந்தநாளுக்குச் செட்டிநாட்டார் திருமண விருந்தில் வைக்கும் கவுனி அரிசி இனிப்பு. முந்தைய இரவே ஊறவைக்காவிட்டால் வேகாது என்பதைச் சமையல்காரரிடம் இருமுறை சொல்லுங்கள். எல்லாப் பண்டத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று உங்களுக்கே தெரியாது.

பொங்கலுக்கு முளைக்கீரைக் கூட்டு உங்கள் மாடியிலிருந்தே வர வேண்டுமென்றால் தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். கீரைக்கு இருபத்தைந்து நாள். மார்கழி 1ஆம் தேதிக்குள் ஐந்து வீட்டிலும் வீட்டுக்கு இரண்டு பை தூவிவிட வேண்டும். மூன்று நாளில் முளைக்காத பையில் மறுபடி தூவ அப்போதுதான் அவகாசம் இருக்கும். சர்க்கரைப் பொங்கலுக்குக் கிச்சிலிச் சம்பாவைப் பச்சரிசியாகத் தரச் சொல்லி உழவரிடம் கார்த்திகையிலேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலோர் நெல்லைப் புழுங்க வைத்தே அரைப்பார்கள், கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது.